வெள்ளிக்கிழமை வெளியீடு

தொலைபேசி அலை எட்டாத இடத்தில் இருப்பவரை நாம் அழைத்தால், ஒரு பெண்குரல் முதலில் சிங்களத்திலும், பின்னர் தமிழிலும், அதன்பின் ஆங்கிலத்திலும் அவருடன் தொடர்புகொள்ள முடியாது என்று அறிவிக்கும். பதற்றமே இல்லாத, நன்கு பயின்ற குரல். பெரும்பாலானோர் தமிழ் வருவதற்கு முன்னரே அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நானோ ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் குரலை மூன்று மொழிகளிலும் இறுதிவரை கேட்டேன். ஓர் இலக்கத்துக்குப் பின் மற்றோர் இலக்கமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆங்கிலமும் முடிந்தபின் வரும் அந்தச் சிறு மௌனத்தில் யாராவது பேசிவிடமாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். எனக்கு எதிரே, பரிசோதனைக்கென்று வைத்திருந்த பழைய கைத்தொலைபேசிகளுள் ஒன்றைக் காதில் அழுத்தியபடி எங்கள் முகாமையாளர் நின்றிருந்தார். கதிரை அருகிலிருந்தும் அவர் அமரவில்லை. அவரும் அந்தக் குரலை இறுதிவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நான் அவர் முகத்திலிருந்து அறிந்தேன்.

நான் கல்லூரி வழியாகக் கணினிக்கு வந்தவனல்லன். சாய்ந்தமருதில் வானொலிப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் திருத்தும் கடையொன்றை நடத்திய காலத்தில், திருத்துவதற்கென்று வந்த கணினியொன்றைச் சொந்தக்காரர் திரும்பப் பெற வராமையால், அதனோடு பழகலானேன். தடித்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதியின் துணையோடு வாசித்து நிரல் எழுதக் கற்றேன். ஐம்பதை அண்மித்த வயதில் ஊரிலேயே தொடங்கப்பட்ட சிறிய மென்பொருள் நிறுவனமொன்றில் சேர்ந்தபோது, அங்கிருந்த அனைவரும் என் பிள்ளைகளின் வயதினராக இருந்தனர். முகாமையாளர் மட்டும் அவர்களைவிடச் சற்று மூத்தவர். மருதமுனையைச் சேர்ந்த அவர், கொழும்பில் பெரிய திட்டங்களை நடத்திய அனுபவத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். மற்றவர்கள் முன்னிலையில் நான் அவரை மிஸ் என்றும், தனியே கதைக்கும்போது தங்கச்சி என்றும் அழைப்பேன். அவர் எவ்விடத்திலும் என்னை, எங்கள் ஊர் வழக்கில் அண்ணனைக் குறிக்கும் காக்கா என்ற சொல்லாலேயே அழைத்தார். கடல் ஆழிப்பேரலையாக ஊருக்குள் வந்த அந்த ஆண்டில் அவர் தம் உம்மாவை இழந்தவர். அதைப்பற்றி அவர் ஒருபோதும் கதைத்ததில்லை. அலுவலகத்துக்கு இடம் தேடியபோது, கடற்கரைப் பக்கத்தில் கிடைத்த விசாலமான வீட்டை மறுத்துவிட்டு, பிரதான வீதிக்கு மேற்கே இருந்த நெருக்கமான மாடியறை ஒன்றை அவர் தேர்ந்தெடுத்ததைக் கொண்டு நாங்களாகவே விளங்கிக்கொண்டோம்.

அவரை அஞ்சாத பெண் என்று புகழ்ந்து எழுதுவது எளிது. அது உண்மையாகாது. நான் அறிந்தவர்களுள் அதிகம் அஞ்சியவர் அவரே. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர். ஆனால் மற்றவர்கள் மறைத்து வைக்கும் அச்சத்தை அவர் மேசையின்மேல் எடுத்து வைத்து, அதைக்கொண்டே வேலையை வகுத்தார். இக்குணத்தை நான் வேறெவரிடமும் கண்டிலேன்.

எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, கரையிலிருந்து ஒருநாள் தொழிலுக்குப் போகும் சிறு படகுகளுக்கானது. புறப்படும்போது படகோட்டி தம் கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். திரும்பியதும் மீண்டும் அழுத்துவார். இதனால் எந்நேரமும் கடலில் யார் இருக்கிறார் என்பது தெரியும். வானிலை எச்சரிக்கை எங்கள் கணினிக்கு வந்ததும், அது தமிழில் ஒவ்வொருவருடைய தொலைபேசிக்கும் போய்ச் சத்தமெழுப்ப வேண்டும். இந்தப் படகுகள் பெரும்பாலும் கரையோரத் தொலைபேசிக் கோபுரங்களின் அலை எட்டும் தூரத்துக்குள்ளேயே வலை போடுவதால் இது கைகூடும் என்று கணித்திருந்தோம்.

தொடங்குவதற்கு முன்னர், வேலையை எந்த முறையில் நடத்துவது என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் நடைபெற்றது. உதவி வழங்கிய அமைப்பின் அதிகாரி கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவர் விரும்பிய முறை பழையது, ஒழுங்கானது. தேவைகள் அனைத்தையும் முதலில் எழுதி ஒப்பமிடுவது, அதன்பின் வடிவமைப்பது, அதன்பின் நிரல் எழுதுவது, அதன்பின் பரிசோதிப்பது, யாவும் முடிந்த பின்பே மீனவரின் கையில் கொடுப்பது. நீர் படிப்படியாகக் கீழே விழுந்து மேலே திரும்பாததுபோல் வேலையும் ஒரு திசையில் போவதால், அதற்கு அருவியின் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். முகாமையாளர் கொண்டுவந்த முறை வேறு. சிறியதொரு பகுதியை முடித்து, ஒரு கரையில் சிலரிடம் மட்டும் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தி, இரு வாரங்களுக்கொருமுறை அடுத்த பகுதியைச் சேர்த்து வெளியிடுவது. நான் அதிகாரியின் பக்கமே நின்றேன். பாதி முடிந்த பொருளொன்றைக் கடலுக்குப் போகும் மனிதனின் கையில் கொடுப்பதற்கு நான் அஞ்சினேன்.

முகாமையாளர் இரு முறைகளின் நன்மை தீமைகளை ஒப்பிடத் தொடங்குவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் அதைச் செய்யவில்லை. “முறையைப் பிறகு பாப்பம். முதல்ல, ஆர் ஆர் எதுக்குப் பயப்படுறீங்க எண்டு சொல்லுங்க” என்றார். திரைகளை வடிவமைக்கும் பெண், “எனக்கு உங்களுக்குத்தான் மிஸ் பயம்” என்றதும் அதிகாரி உட்பட அனைவரும் சிரித்தோம். முகாமையாளர் சிரிக்கவில்லை. “அது நல்ல பயம். வேற?” என்று கேட்டார். பின்னர் ஒவ்வொருவராகச் சொன்னோம். மின்சாரம் நின்றுவிடுமோ என்று ஒருவர். மீனவர் பொத்தானை அழுத்த மறந்துவிடுவாரோ என்று மற்றொருவர். என்னுடையதை நான் சொன்னபோது அவர் தலையசைத்தார்.

“நானும் அதுக்குப் பயம்தான் காக்கா. ஆனா அதவிடப் பயம் ஒண்டு இரிக்கி. எல்லாத்தையும் முடிச்சிக் குடுத்து, அவங்க அத நம்பி மடியில வெச்சிக்கிட்டுக் கடலுக்குப் போன பொறகுதான் நாம பிழையக் காணுவம் எண்டா என்ன செய்யிற? சின்னப் பிழைகள் இப்பவே வரட்டும். நாம பக்கத்துல நிக்கக்குள்ள வரட்டும்.”

அப்படியானால் கடலில் ஆள் இருக்கும்போது மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதற்கான விடை எல்லோர் வாயிலும் ஒன்றாக வந்தது: வெள்ளிக்கிழமை. எங்கள் கரையில் வெள்ளிக்கிழமைகளில் படகு இறங்குவதில்லை. கிழிந்த வலையைப் பொத்துவார்கள், இயந்திரத்தைக் கழுவுவார்கள், குளித்து வெள்ளைச் சட்டை அணிந்து ஜும்ஆ தொழுகைக்குப் போவார்கள். எங்கள் அலுவலகத்தில் பணியாற்றிய அனைவரும் சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பிறந்தவர்கள். வெள்ளிக்கிழமை கரையில் வரிசையாகக் கிடக்கும் படகுகளைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்தவர்கள். கடல் வெறுமையாக இருக்கும் நாள் அது என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. வெளியீடுகள் யாவும் வெள்ளிக்கிழமைகளில் என்று முடிவாயிற்று. அந்த ஓர் ஏற்பாட்டினால்தான் அதிகாரியும் இசைந்தார், நானும் இசைந்தேன்.

சாய்ந்தமருதுக் கரையில் வேலை நன்றாகவே நடந்தது. வெயிலில் எழுத்துத் தெரியவில்லை என்றார்கள், பெரிதாக்கினோம். ஈரக்கையால் அழுத்தினால் பொத்தான் கேட்பதில்லை என்றார்கள், அதையும் திருத்தினோம். இவ்வாறு செய்தி பரவி, கல்முனைப் பக்கத்துத் தமிழ்க் கரையொன்றின் மீனவர் சங்கமும் தங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டது. அதன் தலைவர் நேரில் வந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். படியேறி வந்த மூச்சு அடங்குமுன்னரே, “இது காத்துக்கு மட்டும் சத்தம் போடுமா, இல்ல வீட்டுக்காரி தேடினாலும் போடுமா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் அவரை அண்ணன் என்று அழைத்தேன். அவர் என்னைக் காக்கா என்று அழைத்தார். எங்கள் இருவரில் உண்மையில் மூத்தவர் யார் என்பதை இன்றுவரை இருவரும் விசாரித்ததில்லை. அவருடைய கரையின் படகுகள் சேர்ந்து சில நாட்களுக்குள் அடுத்த வெளியீட்டு நாள் வந்தது. அது வழமையைவிடப் பெரிய வெளியீடு. இரண்டு கரைகளைத் தாங்கவேண்டியிருந்ததால், செய்தி அனுப்பும் பகுதியையும் புறப்பாட்டைப் பதியும் பகுதியையும் ஒருங்கே கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தத் திட்டமிட்டோம். காலையிலிருந்து மாலைவரை யாவும் நின்றிருக்கும். வெள்ளிக்கிழமைதானே என்று ஒருவரும் அதைக் குறித்துக் கதைக்கவில்லை.

நாங்கள் ஆண்கள் ஜும்ஆ முடிந்து திரும்பியபோது, மேற்கே நாவிதன்வெளி வயல்களுக்கு மேலே வானம் மைபோலக் கறுத்திருந்தது. பெருமழைக்கு முந்திய அந்த மாதங்களில் பின்னேரங்களில் இப்படித் தரைப்பக்கமிருந்து திடீரென்று காற்று எழும். அந்தக் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, கடலுக்குள்ளே தள்ளும். அலுவலகத்தில் முகாமையாளர் திரையைக் காட்டினார். எச்சரிக்கை வந்து சேர்ந்திருந்தது. அனுப்பும் பகுதி கழற்றப்பட்டிருந்ததால் அது எங்கள் கணினியிலேயே நின்றது. “நல்ல காலம் காக்கா, இண்டைக்கி வெள்ளி” என்றார் அவர். அவர் முகத்தில் அப்போதிருந்த நிம்மதியை நான் மறக்க விரும்புகிறேன். இன்றுவரை முடியவில்லை.

சங்கத் தலைவரின் அழைப்பு அதன் பிறகே வந்தது. எல்லோரும் கேட்கும்படியாக முகாமையாளர் அதை ஒலிபெருக்கியில் வைத்தார்.

“தங்கச்சி, காத்து மாறிட்டு. உங்கட மெசேஜ் ஒண்டும் வரல்லியே.”

“இண்டைக்கி வெள்ளிக்கிழமைதானே அண்ணன். ஆரும் போயிருக்க மாட்டாங்க எண்டு…”

“நாங்க போவம்தானே, தங்கச்சி” என்றார் அவர். கோபமில்லை. மறந்துபோன ஒன்றை நினைவூட்டுவது போன்ற குரல். “எங்கட ஆக்கள் கடல்ல நிக்காங்க. என்ட மகனும் நிக்கான்.”

எங்கள் அலுவலகத்துக்குச் சில மைல் வடக்கே, ஜும்ஆ இல்லாத கரைகளில் வாழும் மனிதர்கள் வெள்ளிக்கிழமை என்ன செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் கல்முனைச் சந்தைக்கு மீன் வருகிறது, அதை நாங்களே வாங்கி உண்டிருக்கிறோம். தெரிந்திருந்தும் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கடல் என்றதும் நாங்கள் அனைவரும் எங்கள் கரையின் முன்னாலுள்ள நீரையே கண்டோம். எங்களுள் வேறோர் ஊரவர் ஒருவராவது இருந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்க ஆளில்லாத ஓர் அறையில் நாங்கள் ஏகமனதாக முடிவெடுத்திருந்தோம்.

காலையிலிருந்து பதிவு நின்றிருந்தபடியால், கடலில் எத்தனை பேர் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. பழைய பகுதியைத் திரும்பப் பொருத்த எவ்வளவு நேரமாகும் என்று முகாமையாளர் என்னைக் கேட்டார். பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும் என்றேன். அவர் இருவரை அவ்வேலைக்கு விட்டுவிட்டு, எஞ்சியவர்கள் கையில் பரிசோதனைத் தொலைபேசிகளைக் கொடுத்தார். அக்கரையின் இலக்கங்களைத் திரையில் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்தோம். சிலர் எடுத்தார்கள். “ஓம், ஓம், கண்டுட்டம், வாறம்” என்று இயந்திரச் சத்தத்துக்கு மேலாக ஒருவர் சொன்னார். வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த ஒருவர், எழுப்பியதற்காக என்னை ஏசினார். அந்த ஏச்சு எனக்குத் தேனாக இருந்தது. மற்ற இலக்கங்களில் அந்தப் பெண்குரல் வந்தது. காற்று அவர்களைக் கோபுரங்களிடமிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் அந்தக் குரலின் எல்லைக்குள் மேலும் மேலும் போய்க்கொண்டிருந்தார்கள்.

பழைய பகுதி இயங்கத் தொடங்கிச் செய்தி போனபின்னும் முகாமையாளரால் அறையில் நிற்க முடியவில்லை. “கரைக்குப் போவம் காக்கா” என்றார். அவர் கடலுக்கு அருகே போய் நான் கண்டதில்லை. என் மோட்டார் சைக்கிளில் நானும், முச்சக்கர வண்டியொன்றில் அவரும் வடிவமைப்புப் பெண்ணும் போனோம். மழை தடித்துப் பெய்தது. கரையில் ஆட்கள் திரண்டு நின்றனர். படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று மணலில் ஏறும்போதும் ஒரு குடும்பம் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி ஓடியது. கூட்டம் சிறுத்துச் சிறுத்து, முடிவில் தலைவரின் வீட்டாரும் அயலவர் சிலருமே எஞ்சினர். தலைவர் என்னைக் கண்டு தலையை அசைத்தார்.

அப்போது தலைக்குமேல் சாக்கொன்றைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் எங்களிடம் வந்தாள். தலைவரின் மருமகள்.

“நீங்கதானே அந்த போன் ஆக்கள்?”

“ஓம்” என்றார் முகாமையாளர்.

“அப்ப சொல்லுங்க, அவரு எங்க நிக்காரு?”

அவள் எங்களைக் குற்றம்சாட்டவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். தன் கணவன் ஒவ்வொரு நாளும் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதைக் கண்டவள். அழுத்தியவனைக் காணும் ஆட்கள் எங்கோ இருக்கிறார்கள் என்ற நினைவோடு அவள் இந்தச் சில நாட்களும் வீட்டில் இருந்திருக்கிறாள். பதில் சொல்லாமல் நழுவுவதற்கு எத்தனையோ சொற்கள் இருந்தன. தேடுகிறோம் என்று சொல்லலாம், வந்துவிடுவார் என்று சொல்லலாம். என் வாயில் அவை வந்தும்விட்டன. முகாமையாளர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “எனக்குத் தெரியா, தங்கச்சி” என்றார். பின்னர் அந்தக் கையை அவர் விடவில்லை. அவர்கள் இருவரும் மழையில் அப்படியே நின்றார்கள்.

பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர் செய்தி வந்தது. ஆழ்கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெரிய படகொன்று, இயந்திரம் நின்று அலைந்த சிறு படகையும் அதிலிருந்த இருவரையும் கண்டிருக்கிறது. இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள், படகைக் கடலில் விட்டுவிட்டார்கள். தலைவரின் மகன் உயிரோடு வந்தார். ஆனால் அன்று கரையேறியவர் மீண்டும் கடலில் இறங்கவில்லை. இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மேற்கே வானம் கறுத்தால், ஆள் ஏறியிருந்தாலும் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிடுவார் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பின் முறையை மீண்டும் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நடைபெற்றது. அதிகாரி வந்திருந்தார். சிறுசிறு வெளியீடுகளை நிறுத்தி, யாவற்றையும் எழுதி முடித்துச் செய்யும் பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்றார். முகாமையாளர் மறுக்கவில்லை. அதிகாரி சொல்வதே சரி, தான் தேர்ந்தது பிழை என்று, எங்கள் எவரையும் பாராமல் சொன்னார். நானும் அவ்வாறே எண்ணினேன். அந்த அறையில் அப்போது இருந்த அச்சம் எங்கள் எல்லோரையும் பெரிய சுவரொன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளச் சொன்னது. தலைவர் அன்று அழைக்கப்பட்டிருந்தார். அவர்தான் இசையவில்லை.

“நிப்பாட்ட வேணாம் தங்கச்சி. எல்லாம் முடிச்சித் தாறம் எண்டு ஒரு வருசம் போனா, அந்த வருசம் நாங்க கரையில சும்மா இருக்கிறதா? போவம்தானே. உங்கட வெள்ளி எங்களுக்குத் தெரியும். எங்கட வெள்ளி உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சிட்டம். நீங்களும் கேக்கல்ல, நாங்களும் சொல்லல்ல. எழுதி முடிச்சிருந்தாலும் அதுலயும் வெள்ளிக்கிழமை எண்டுதானே எழுதியிருப்பீங்க?”

எந்த முறையைத் தேர்ந்திருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை அதற்குள் போய் அமர்ந்திருக்கும். முகாமையாளர் தலைவரின் பக்கம் திரும்பினார். பின்னர், பழையபடி, “இனி எதுக்குப் பயப்பட வேணும் எண்டு நீங்க சொல்லுங்க அண்ணன்” என்றார். அன்று முதல் தலைவரும் எங்கள் கூட்டங்களில் ஒருவரானார். சிறு வெளியீடுகள் தொடர்ந்தன. ஆனால் கடல் வெறுமையாக இருக்கும் நாள் என்று ஒன்றை நாங்கள் அதன்பின் தேடவில்லை. எந்நாளும் யாரோ ஒருவர் அங்கே நிற்கிறார் என்றே வைத்துக்கொண்டோம். புதிய பகுதி பழையதன் அருகிலேயே சில நாட்கள் ஓடும். ஒவ்வொரு கரையிலிருந்தும் ஒருவர் அழைத்து, எங்களுக்கு வந்துவிட்டது என்று சொன்ன பிறகே பழையது நிறுத்தப்படும். வேலை மெதுவாயிற்று. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எனக்கு வரும் அச்சம் நிற்கவில்லை. அது நிற்கவேண்டும் என்று முகாமையாளர் எதிர்பார்க்கவுமில்லை.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். முகாமையாளர் தம் கணவரோடு வளைகுடா நாடொன்றில் இருக்கிறார். அங்கே கடைகளுக்கான மென்பொருள் செய்கிறாராம். பிழை நேர்ந்தால் ஒரு சட்டையின் விலை மாறித் தெரியுமே தவிர வேறொன்றும் ஆகாது என்று சொன்னார். ஆயினும் எங்கள் கரையின் வானிலையைத் தம் தொலைபேசியில் வைத்திருக்கிறார். இங்கே காற்று எழும் நாட்களில் அவருடைய அழைப்பு வரும். சுகம் விசாரிப்பது போலத் தொடங்குவார். கடந்த மாதமும் அப்படியொரு பின்னேரம் அழைத்தார். நான் சற்று முன்னர்தான் கடற்கரைக்குப் போய்த் திரும்பியிருந்தேன். படகுகள் யாவும் மணலில் கிடந்தன. ஆகையால் அவர் கேட்பதற்கு முன்னரே, “கடல்ல ஆரும் இல்ல தங்கச்சி, நான் பாத்துட்டுத்தான் வாறன்” என்று ஆறுதலாகச் சொன்னேன்.

அவருக்கு அது போதவில்லை.

“அங்கால கேட்டீங்களா, காக்கா?”

நான் கேட்டிருக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. மனைவியின் தொலைபேசியை வாங்கி நான் தலைவரை அழைத்து, அவருடைய கரையில் இன்னும் வரவேண்டியவர் யார் யார் என்று கேட்டு, அவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிய செய்தியைச் சொல்லி முடிக்கும் வரைக்கும், அவர் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்படி இருந்துகொண்டே இருந்தார்.